வேர்வை குடிக்காத சேலை

தன் அம்மாவின் சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிப் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். வருஷா வருஷம் சொல்கிறாள். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலை ரயில் மாரிகுப்பத்தை விட்டுப் போய்விட்டால் எங்கள் லைன் வீடுகளில் பேச ஆளிருக்காது. சரி, இன்றைக்கு இதையாவது முடிப்போம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று பாச்சை உருண்டை வாசனை. உள்ளே எல்லாம் நைலக்ஸ், ஒன்றில்கூடச் சாயம் போகவில்லை. நூல் சேலை ஒன்றுமில்லை. எங்கே இருக்கும், எல்லாம் என் தலையோடு போனதுதானே!

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்க இறங்க அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரியின் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து நெற்றியில் சுற்றி, அதன்மேல் தொப்பியை மாட்டுவோம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில்தான் இறங்குவோம், அதன் அரையிருட்டில் முகம் சரியாகத் தெரியாது. நெற்றியில் தெரியும் சேலைக் கரையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், தங்கம் முடிந்து வைத்திருக்கிறோமா என்று அந்தக் கந்தலையும் உதறச் சொல்வார்கள். எதற்கு வம்பு என்று கீழே வேலை செய்யும் லெவலிலேயே போட்டுவிட்டு வருவோம்.

அப்போதுதான் நைலக்ஸ் வந்தது. ஏதோ எண்ணெயிலிருந்து நூல் இழுக்கிறார்களாம், பக்கத்தில் கோரமண்டலில் மூட்டை போட்டு விற்ற துணிக்காரர் சொன்னார். பருத்தி இல்லாமல் நூலா என்று என் மனைவி தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கசங்காது, இஸ்திரி வேண்டாம், உதறினால் காய்ந்துவிடும். மயங்கிப்போனாள். ஒவ்வொன்றாக வாங்கியதில் வீட்டில் நூல் சேலையே தீர்ந்துவிட்டது. ஒருநாள் நைலக்ஸ் முந்தானையையே வெட்டிக் கொடுத்தாள். நானும் மாப்பிள்ளை முறுக்கோடு கட்டிக்கொண்டு இறங்கினேன். பாவி நூல், ஒரு சொட்டு வேர்வை குடிக்கவில்லை! அத்தனையும் கண்ணில் இறங்கி, பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேஜுக்கு வந்தேன்.

அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நூல் சேலைதான் வாங்கிக் கட்டினாள். ஆசையாக வாங்கியதையெல்லாம் பெட்டியில் வைத்துவிட்டாயே என்று கேட்டேன்.

"நான் கட்டிப் பழசாக்குனாதானே உங்க தலைக்கு ஆவும்? நைலக்ஸ் எங்க போவப்போவுது, அப்புறமா கட்டிக்கினா போச்சு."

அந்த அப்புறம் வரவேயில்லை. சுரங்கத்தை மூடுவதற்கு முந்தியே அவள் போய்விட்டாள். அவள் கட்டிய சேலையெல்லாம் கந்தலாகி லெவலில் கிடக்கிறது. இப்போது அங்கே தண்ணீர் நிற்கிறது. அவள் கட்டாமல் வைத்ததுதான் எனக்கு மிச்சம்.

பெட்டியின் அடியில் முந்தானை வெட்டிய சேலையும் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, அதாலேயே துடைத்தேன். அன்றைக்குப் போலவே ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.