கம்ப்யூட்டரில் இல்லாத மீன்காரி

மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், எனக்கு அடையாள அட்டை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அட்டை இருந்தால்தான் புதுச் சந்தையில் உட்கார்ந்து மீன் விற்க முடியும். நானோ முப்பது வருடம் தலைச்சுமையாகத் தெருத்தெருவாய் மீன் விற்றவள்.

"தொழில் என்ன?" என்று எழுத்தர் கேட்டார்.

"மீன் விக்கேன்."

கம்ப்யூட்டரில் மூன்றே தொழில்தானாம்: மீனவர், மீனவர் மனைவி, வலை பின்னுபவர்.

"மீனவர் மனைவின்னு போடட்டா?"

"எனக்க மாப்பிள்ள தையக்காரன். கடலைக் கண்டாலே ஓங்கரிச்சு வாந்தியெடுப்பாரு. செத்து நாலு வருசமாச்சு. இனி அவரை வள்ளத்துல ஏத்தவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் புரோகிராமை எழுதியவள் என் அண்ணன் மகள். நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, எனக்க தொழில எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"மாமி, முதல்ல எந்தச் சொல்ல அடிச்சாலும் எடுத்துச்சு. ஒருத்தரு மீனுன்னு அடிச்சாரு, ஒருத்தரு மீணுன்னு. ஒருத்தரு தொழில்ல 'சொகமில்ல'ன்னு அடிச்சு வச்சாரு. அதான் புரோகிராமுல கிளாஸுன்னு சொல்லுத பகுதிக்குள்ள மூணு சொல்ல மாறாததா எழுதி வச்சேன். கான்ஸ்டன்ட்னு சொல்லுவோம். ஆளைச் சேக்குத வேலைய மெத்தடுன்னு ஒண்ணு செய்யும். அது, குடுத்த சொல்லு அந்த மூணுல ஒண்ணான்னு பாக்கும். இல்லேன்னா உள்ள விடாது."

"கண்டதையும் உள்ள விடாதது சரிதான். அந்த மூணையும் எழுதுனது ஆரு?"

"நான்தான். சங்கத்துல குடுத்த பட்டியல் மாமி."

"சங்கத்து ஆம்பிளைகளுக்குத்தான் கண்ணு தெரியாது. உனக்க மாமி என்ன செய்யான்னு உனக்குமா தெரியாது?"

அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் விடவில்லை.

"இப்பமே நாலாவதா எழுது."

"மீன் விற்பனையாளர்னு போடட்டா?"

"அது ஆரு? மீன்காரின்னு போடு."

"ஏசுதது மாதிரி இருக்கு மாமி."

"முப்பது வருசமா ஊரு என்னை விளிக்க பேரு. ஏசுததா இருந்தா விளிச்சவனுக்க வாயில புழுக்கட்டும். போடுட்டி!"

போட்டாள்.

மறுநாள் அட்டை கிடைத்தது. 'மீன்காரி' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்போதும் கோபம் ஆறவில்லை. முந்தின வாரம் வேறு வழியில்லாமல் 'மீனவர் மனைவி' என்று அட்டை வாங்கிப்போன மீன்காரிகளை வீடு வீடாகத் தேடிப்போய், சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.