அலைவரிசையில் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை, பட்டறையில் ஒரு பொலிஸ் காரின் வானொலியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. யோகநாதன் அண்ணையின் மனைவி. “தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றார். மாரடைப்பு என்று பின்னர் அறிந்தேன்.

கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களோடு வானொலியில் பேசிப் பழகிய யோகண்ணை, எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்ன் வந்து பொலிஸ் வானொலி அறையில் சேர்ந்தார். மைக்கின் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தி ரோந்துக் கார்களை அழைத்து அனுப்புவது அவர் வேலை. பொறியியல் பட்டத்தோடு வந்த எனக்கு அதே கார்களின் வானொலிகளைப் பழுதுபார்க்கும் வேலைதான் கொடுத்தார்கள். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. பட்டறைச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் நாள் முழுவதும் அவர் குரல் கேட்கும். அதனால்தான் இந்த ஊரை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

வானொலியில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. களவுக்கு ஒன்று, கார் மோதலுக்கு ஒன்று, சாப்பாட்டு இடைவேளைக்கும் ஒன்று. நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பேச்சு நீண்டால், பின்வரிசையிலிருந்து அந்தச் சாப்பாட்டு எண்ணை அவர் உரத்துச் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். என் பேச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. “ஐசே, உம்மட பேச்சு நல்லது. சோறு ஆறுது” என்றார்.

ஒரு பிற்பகல், பீற்றர் என்ற இளம் பொலிஸ்காரன் தனியாகப் போயிருந்த காரிலிருந்து, அவசர உதவி கேட்கும் எண் வந்தது. பிறகு இரைச்சல் மட்டும். எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. கார் எண்ணைச் சொல்லியே அழைக்க வேண்டும், அலைவரிசையில் ஆளின் பெயர் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. யோகண்ணை கார் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தார். பதில் இல்லை. பட்டறையில் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டோம். அப்போது அவர் குரல் தணிந்தது.

“பீற்றர், நான் யோகா. எங்க நிக்கிறாய், மகன்?”

ஆங்கிலத்தில்தான் கேட்டார்; எனக்கு இப்படித்தான் கேட்டது. முனகலாக ஒரு தெருவின் பெயர் வந்தது. கார்கள் பறந்தன. வயிற்றில் கத்திக்குத்து. பையன் பிழைத்துக்கொண்டான்.

விதியை மீறியதற்காக வானொலி அறையின் மேலதிகாரி அவரை மைக்கிலிருந்து எடுத்து, தட்டெழுத்து மேசைக்கு மாற்றினார். பொலிஸ் வானொலியில் நம்மவர் குரல் என்று பெருமையடித்த உங்களில் பலர் அப்போது வாய் திறக்கவில்லை. நான் ஆட்சேப மனு எழுதிக்கொண்டு போனேன். அவர் கையெழுத்திடவில்லை. “அவன் பதில் சொன்னவன், ஐசே. எனக்கு அது காணும்” என்றார்.

அது அவருக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பின் மதியத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வரத் தொடங்கினார். ஒலிபெருக்கியின் கீழே கதிரையைப் போட்டு, வேறொருவர் கார்களை அழைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த அதிகாரியை யோகண்ணை மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. அது என் பாடு. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பவை அந்த மதியங்கள்தான். பாதி சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்ப்பார். ஒரு கார் பதில் சொல்லத் தாமதித்தால், அவருடைய பெருவிரல் முழங்காலில் அழுந்தும். அங்கே பொத்தான் எதுவும் இல்லை.