அத்தானின் பதினொரு வருடக் கேஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பலெர்மோ நீதிமன்ற வாசலில் வைத்து என் அத்தான் தன் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் தந்தார். பிறகு கைக்கடிகாரம். பிறகு பேர்சுக்குள் இருந்த சின்னப் பிள்ளையார் படம்.

"இதுகளை உன்ரை அக்காட்டைக் குடு," என்றார். "நான் உள்ளை போனால் திரும்பி வருவனோ தெரியாது."

நாங்கள் எதற்குப் போயிருந்தோம் என்கிறீர்கள்? ஒரு சான்றிதழ் எடுக்க. அவ்வளவுதான். 'இவர் மேல் குற்றம் ஒன்றும் பதிவாகவில்லை' என்று சொல்கிற ஒரு தாள். எங்களுக்கு முன்னால் நின்றவர் அதே தாளுக்காகத்தான் வந்திருந்தார் — ஒரு கையில் கோப்பி, மறு கையில் போன், யாரோடோ உதைபந்தாட்டம் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். என் அத்தான் மட்டும் உதட்டுக்குள் ஏதோ தேவாரம் சொல்லிக்கொண்டு நின்றார்.

யோகன் அத்தான் என் அக்காவின் கணவர். வன்னிக்காரர். சண்டை முடிந்த பிறகு இங்கே வந்து, சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் பழம் ஆய்ந்து, பெட்டி தூக்கி, கடைசியில் முதுகைக் கொடுத்துவிட்டார். இனிப் பெட்டி தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பலெர்மோவின் சீசாப் பகுதியில், அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பாலர் பாடசாலையில் வேலை வந்தது. காலையில் கதவு திறக்க வேண்டும், மாலையில் பூட்ட வேண்டும், நடுவில் முற்றம் கூட்ட வேண்டும். ஒழுங்கான ஒப்பந்தம். அந்தப் பாடசாலையை நடத்துகிற கன்னியர்மடத்து சிஸ்ரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம், அதனால் குற்றப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். கடைசியாக, அந்தக் கிழமை வெள்ளிக்குள் வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

சிஸ்ரர் முதலில் தாள் கேட்டு மூன்று கிழமை ஆகியிருந்தது. முதல் கிழமை அத்தானுக்குப் பல்வலி. இரண்டாம் கிழமை நீதிமன்றத்தில் ஸ்ட்ரைக் — விசாரித்துப் பார்த்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் கிழமை, அந்தத் தாளுக்கு ஒட்டுகிற முத்திரை பலெர்மோவிலேயே முடிந்துவிட்டதாம்.

அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"ஊருக்கெல்லாம் ஃபோம் நிரப்பிக் குடுக்கிறாய்தானே. உன்ரை அத்தானையும் ஒருக்கால் இழுத்துக்கொண்டு போ. அந்தத் தாள் இல்லாட்டி வேலை இல்லை. வேலை இல்லாட்டி இந்த மனுசன் திரும்பவும் பெட்டி தூக்கத்தான் போகும்."

உண்மைதான். காலையில் நான் ஒரு இத்தாலிய அம்மாவின், ஒரு சிஞ்ஞோராவின், வீட்டில் தரை துடைக்கிறேன். பின்னேரங்களில் சீசாவில் இருக்கிற தமிழர்களின் கடிதங்களை வாசிக்கிறேன். யாருடைய பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, எப்போது முடிகிறது, யாருடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் கண்டித்தார்கள் — எல்லாம் எனக்குத் தெரியும். நீதிமன்றத்திலிருந்து பச்சை உறை வந்தால் ஒளிக்காதீர்கள், உடனே திறவுங்கள் என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்... நீங்களே சாட்சி.

சரி, எழுதத் தொடங்கியதற்கு வாசகர்களுக்குப் பிரயோசனமாகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, தீர்ப்பாகி முடிந்த குற்றங்களைச் சொல்வது. இத்தாலி முழுவதற்கும் பொதுவான பதிவு அது. எந்த நகரத்து நீதிமன்றத்திலும் கேட்கலாம். மற்றது, இன்னும் நடந்துகொண்டிருக்கிற வழக்குகளைச் சொல்வது. அது அந்தந்த நீதிமன்ற எல்லைக்கு மட்டும்தான். பலெர்மோவில் கேட்டால் பலெர்மோவைச் சொல்லும். கத்தானியாவில் நடப்பது கத்தானியாவுக்குத்தான் தெரியும். ஃபோமை நிரப்புங்கள். அடையாள அட்டையின் கொப்பியை வையுங்கள். சிகரெட் கடையில் முத்திரை வாங்கி ஒட்டுங்கள், அவசரம் என்றால் கூடுதலாக ஒட்டுங்கள். வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

என் அத்தான் வாயைத் திறந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அலுவலர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அவசரமா?"

"சிஞ்ஞோரா," என்று அத்தான் இத்தாலியனில் தொடங்கினார், "நான் கத்தானியாவிலும் இருந்தேன். நாலு மாதம். தோடம்பழத் தோட்டம்."

அலுவலர் தலையை ஆட்டினார்.

"ஒருமுறை ரிக்கெற் இல்லாமல் பஸ்ஸில் போனேன். இரண்டு நிறுத்தம்தான். பிறகு, முதலாளிக்குச் சொல்லாமல் மன்டரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு பழம்..." யோசித்தார். "இல்லை, எட்டு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார். "சிஞ்ஞோரே, பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர் அடுத்த தெருவில், கோயிலில் இருக்கிறார். இங்கே நாங்கள் முத்திரை மட்டும்தான் பார்க்கிறோம். பன்னிரண்டு மணிக்கு வாருங்கள்."

இடையில் மூன்று மணித்தியாலம் இருந்தது. நடைபாதையில் ஒரு நீளமான மரவாங்கு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கேதான் கதை வெளியே வந்தது.

பதினொரு வருடத்துக்கு முன்னர் அவர்கள் சீசாவில் இப்போது இருக்கிற மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அக்கா உள்ளே பால் காய்ச்சினார். அத்தான் வாசலில் தேங்காய் உடைத்தார். எங்கள் ஆட்கள் தேங்காய் அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும்தானே? வாசலுக்கு முன்னால் இருந்தது மாபிள் படி.

"தேங்காய் சரிபாதியாத்தான் உடைஞ்சது," என்றார் அத்தான், இப்போதும் ஒரு சின்னப் பெருமையோடு. "நல்ல சகுனம். ஆனால் படியும் ரெண்டாப் போச்சு."

சத்தம் கேட்டு இரண்டாம் மாடி சிஞ்ஞோரா பினா ஓடிவந்தார். உடைந்த படியைக் காட்டிக் காட்டிக் கத்தினார். அரை மணித்தியாலத்தில் நகரசபைப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். அத்தானின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், ஒரு பக்கம் நிறைய எழுதினார், அடியில் விரலை வைத்துக் காட்டினார். அத்தான் கையெழுத்து வைத்தார். அதன் கொப்பி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"அதிலை என்ன எழுதியிருந்தது?"

"ஆருக்குத் தெரியும்? இஞ்சை வந்து ஆறு மாசம். அப்ப எனக்கு 'புவொன்ஜோர்னோ'வை விட்டால் ஒண்டும் தெரியாது."

"பிறகெண்டாலும் ஒருதரிட்டையும் காட்டேல்லையே?"

"இல்லை."

"என்னட்டைக் கொண்டுவந்திருக்கலாமே அத்தான்? சீசா முழுக்க என்னட்டைத்தானே வருது."

"நீ பேப்பரிலை எழுதிப்போடுவாய்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்ன மனுசன் இவர்? சொந்த மச்சாளைப் பற்றி இப்படியா நினைப்பது? நான் அப்படிப்பட்டவளா? (நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.)

அத்தான் மெல்லச் சொன்னார். "ஊரிலை யூனிபோம் போட்டவன் எங்கடை பேரை எழுதி, நாங்கள் கையெழுத்தும் வைச்சால் பிறகு என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே பிள்ளை. இந்தத் தாளைக் கிளறப்போய், ஆரும் என்னைத் தேடத் தொடங்கினால்?"

அந்த இடத்தில் என் கோபம் போய்விட்டது. பதினொரு வருடமாக இந்த மனுசன் காலையில் எழும்பி, வேலைக்குப் போய், திருவிழாவில் சிரித்து, கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறி — அவ்வளவு நாளும் உள்ளுக்குள் ஒரு வழக்கை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அக்காவுக்குக்கூடக் கையெழுத்து விஷயம் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நானும் ஒன்றும் அறியவில்லை. கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு தாள்களும் வந்தன. இரண்டிலும் பெயர், பிறந்த திகதி, அதற்குக் கீழே ஒரே ஒரு சொல். 'நுல்லா.' ஒன்றுமில்லை.

நான் பெருமூச்சு விட்டேன். அத்தான் விடவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவையள் வடிவாத் தேடேல்லை," என்றார்.

நான் பிடிப்பதற்குள் மறுபடியும் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "சிஞ்ஞோரா, தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். கட்டாயம் இருக்க வேண்டும்."

அலுவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கதிரையில் இத்தனை வருடமாக இருக்கிறேன். ஒன்றுமில்லை என்று தாள் கொடுத்ததற்கு முறைப்பாடு சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான்." பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, வேறொரு ஃபோமும் இருப்பதாகச் சொன்னார். விசாரணையில் கிடக்கிற முறைப்பாடுகளில் நம் பெயர் இருக்கிறதா என்று அதில் எழுதிக் கேட்கலாம். பதில் வரச் சில நாள் ஆகும். அத்தான் உடனே அதற்கும் கை நீட்டினார்.

"அது வெள்ளிக்குள்ளை வராது அத்தான். தேவையும் இல்லை. சிஸ்ரர் கேட்டது இந்தத் தாளைத்தான்."

"கேஸ் இருக்கேக்கை இல்லையெண்டு தாள் குடுத்து வேலைக்குச் சேர்ந்தால், அது ரெண்டாவது குற்றம். அதுவும் சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை. நான் குடுக்க மாட்டன்."

நேர்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா? கையில் அரசாங்கமே எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது, இவர் அரசாங்கத்தை நம்ப மாட்டேன் என்கிறார். வேறு வழி இல்லை.

"அப்ப அந்தப் பழைய தாளைக் காட்டுங்கோ. இண்டைக்கே."

அது சாமித் தட்டில், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் எட்டாக மடித்த தாள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "இதுக்குத்தானோ ஒவ்வொரு வெள்ளியும் முருகனுக்கு மட்டும் ரெண்டு கற்பூரம் கொளுத்தினனீங்கள்?"

நான் வாசித்தேன். திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முறைப்பாடு செய்தவர் சிஞ்ஞோரா பினா. அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் மேல்? கட்டடத்தைப் பராமரிக்கிற நிர்வாகியின் மேல். கட்டடம் முழுக்கப் படிக்கட்டு மாபிள் ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது, நான் இரண்டு தரம் தடுக்கி விழப்பார்த்தேன், எத்தனை தரம் சொல்லியும் அந்த மனிதர் எட்டிப் பார்க்கவில்லை, இதோ இன்றைக்குப் படி உடைந்தே விட்டது என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில் அத்தானின் பெயர். சாட்சியாக. 'மேற்படி நபர் தேங்காய் ஒன்றினால் மிதமாகத் தட்டியபோதே படி உடைந்ததை உறுதிப்படுத்துகிறார்.'

"மிதமாகவோ?" என்றார் அக்கா. "அண்டைக்கு இவர் அடிச்ச அடியிலை உள்ளை அடுப்பிலை பால் குலுங்கினது."

அத்தான் சிரிக்கவில்லை. "அப்ப... சிஞ்ஞோரா என்னைப் பாத்துக் கத்தினது?"

"உங்களைப் பாத்துக் கத்தேல்லை அத்தான். உங்களுக்கும் சேத்துக் கத்தியிருக்கிறா."

அவர் சோபாவில் போய் அமர்ந்தார். முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. பெரிய யோசனைதான் தெரிந்தது. ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பதினொரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சிஞ்ஞோரா பினாவின் தண்ணீர்ப் போத்தல்களை இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் இவர்தான். முதுகு போன பிறகும் விடவில்லை. ஆறு போத்தலை ஒரேயடியாகத் தூக்க முடியாமல், இரண்டு இரண்டாக மூன்று தரம் ஏறினார். கேஸ் போட்ட மனுசி, கோபம் வரக்கூடாது அல்லவா? நத்தாருக்கு நத்தார் அந்த அம்மா தருகிற கிறிஸ்மஸ் கேக்கை இவர் தொட்டதே இல்லை. 'கேஸை மறக்கேல்லை எண்டு ஞாபகப்படுத்துறா' என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வாராம். அந்தக் கேக்கெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நல்ல கேக்.

அத்தான் எழுந்தார். தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

சிஞ்ஞோரா பினா வாசலிலேயே நின்று தாளை வாசித்தார். அத்தான் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த நிர்வாகி படிக்கட்டைப் புதுப்பித்திருப்பானா? இதில் ஏறும்போதெல்லாம் உன்னை வாழ்த்திக்கொண்டுதானே ஏறுகிறேன்," என்றார்.

பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அப்படியென்றால் யோகன்... இவ்வளவு காலமும் எனக்குத் தண்ணீர் தூக்கியது பயத்திலா?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கிறவள் நான். "மரியாதையில், சிஞ்ஞோரா," என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

அத்தான் தலையை ஆட்டி மறுத்தார். "முதலில் பயத்தில்தான், சிஞ்ஞோரா. பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை."

அந்த அம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். அத்தானின் கன்னத்தை ஒருமுறை தட்டினார். மிதமாகத்தான்.

புதன்கிழமையே சான்றிதழ் சிஸ்ரரின் கைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார் — முதலில் என்னை முழுவதும் வாசிக்க வைத்து, இரண்டு தரம்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். படிக்கட்டில், இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்ப் போத்தலோடு அத்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

"கேஸ்தான் இல்லையெண்டு தெரிஞ்சு போச்சே அத்தான். பிறகென்ன?"

"கேஸ் இல்லையெண்டு மாடி குறைஞ்சே போச்சு?" என்றார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னட்டை அப்பிடி வாசிக்காமல் வைச்சிருக்கிற தாள் ஒண்டும் இல்லையே பிள்ளை?" என்று கேட்டார்.

"சீச்சீ," என்றேன். "என்னட்டையோ?"

என் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு பச்சை உறை இருக்கிறது. தபால்காரரிடம் கையெழுத்து வைத்து வாங்கி ஏழு மாதம். நாளைக்குத் திறக்கலாம் என்றிருக்கிறேன்... அத்தான் கூட வந்து இருந்தால்.