பொட்டு விழுந்த முட்டை

கடலுக்கும் காரிமங்கலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே தண்ணீர் வேண்டுமென்றால் பூமியை ஆயிரம் அடி துளைக்க வேண்டும். துளைத்தாலும் பாதிப் பேருக்குப் புழுதிதான் கிளம்பும். அப்படிப்பட்ட ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஹார்டுவேர் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு பெண்கள் ஆழ்கடல் இறால் எண்ணுகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? என் மாமனார் இன்று வரை நம்பவில்லை. அந்த மாடிக்கு மேற்பார்வையாளன் நான்தான். பெயர் கதிரவன்.

வேலை இதுதான். கொல்லத்திலிருந்து கடலுக்குப் போகும் இழுவைப் படகுகளின் உரிமையாளர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு அடி ஆழத்தில் வாழும் இறால் மெதுவாக வளரும். அதில் ஒரு வகை, வயிற்றுக்கு அடியில் முட்டைகளை ஒட்டவைத்துக்கொண்டு வெகுநாள் சுமக்கும். சுமப்பவற்றையே அள்ளிக்கொண்டிருந்தால் சில வருடங்களில் அள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒவ்வொரு முறை வலை ஏறியதும் ஒரு கூடை இறாலை வெள்ளைப் பலகையில் வயிறு தெரிய அடுக்கி, மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். படகு கரைக்கு வந்ததும் அந்தக் காட்சிகள் எண்ணுகிறவர்களுக்குப் போகும். முட்டையோடு இருப்பவை நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் அந்த இடத்தைச் சங்கத்துப் படகுகள் மூன்று மாதம் தொடக்கூடாது. படகில் இருப்பவர்களை முன்பின் அறியாதவர்கள்தான் எண்ண வேண்டும் என்பதால், கடலையே பார்க்காத எங்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அன்பரசிக்கு ஜன்னல் ஓரத்துக் கணினி. முப்பது வயது இருக்கும். இதற்கு முன் ஆறு வருடம் பட்டுப்புழு வளர்ப்பு மையத்தில் வேலை பார்த்தவள். முட்டை அட்டைகளை வாங்கி, பொரிக்க வைத்து, இளம்புழுக்களை ஒரு வாரம் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிற இடம் அது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பூவிழியெல்லாம் ஒரு நாளில் நாற்பது காட்சிகளை முடித்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பாள். அன்பரசி பதினெட்டு முடித்தால் அதிகம். பலகையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். கண் திறந்தபடி தூங்குகிறாளோ என்று அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை இருமிப் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒன்றை மறைத்திருந்தாள். எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களை அப்படிக் காக்க வைக்க மாட்டேன். ஒரு படகின் பலகையில் இறால் அடுக்கிய கைகள் அவளுடைய கணவன் மாதேஷின் கைகள். அவன் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போனவன். கேரளத்தில் துளை போடப் போன இடத்தில் ஒரு படகு ஓட்டுநரோடு பழக்கமாகி, பூமியை விட்டுக் கடலுக்குத் தாவிவிட்டான். படகு ஆடினால் வாந்தி எடுக்கிற ஆளை வலை இழுக்க விட முடியுமா? உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று பலகையைக் கொடுத்திருக்கிறார்கள். கேமராவில் முகம் விழாது, மணிக்கட்டு வரைதான் தெரியும். துளைக்கும் கம்பி விழுந்து இரண்டாகப் பிளந்த இடது கட்டைவிரல் நகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர் யாராவது படகில் இருந்தால் உடனே சொல்ல வேண்டும், அந்தப் படகின் காட்சிகளை வேறொருவருக்கு மாற்றிவிடுவோம் என்பது விதி. அவள் சொல்லவில்லை.

அந்த மாடியில் மதியம் இரண்டு மணி எப்படி இருக்கும் தெரியுமா? காட்சிகளுக்குச் சத்தம் கிடையாது. வெளியே கிருஷ்ணகிரி பஸ் ஹாரன் அடிப்பதும், கடையில் தகரம் வெட்டுவதும் எங்கோ தொலைவில் கேட்கும். மின்விசிறி சுற்றும். பன்னிரண்டு திரைகளிலும் சிவப்பு இறால்கள் வந்து வந்து கிடக்கும். வெயிலே எட்டாத ஆழத்தில் எதற்கு அவ்வளவு சிவப்பு என்று யோசிப்பேன். யோசிக்க யோசிக்க, மாடி மெல்ல நிரம்புவது போல இருக்கும். முழங்கால், இடுப்பு, தோள். பெண்களின் பின்னல்கள் மிதப்பது போலத் தோன்றும். யாரும் பேச மாட்டார்கள். நானும் அதட்ட மாட்டேன். வெளியே மானாவாரி நிலம் வெடித்துக் கிடக்க, நாங்கள் மட்டும் ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்போம். சம்பளம் வாங்கிக்கொண்டு கனவு காண்கிற வேலை உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தை மாதத்தில் ஒரு நாள் அப்படி மிதந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் ஓரத்துத் திரை மட்டும் இருண்டிருப்பதைப் பார்த்தேன். கணினி கெட்டுவிட்டது என்று ஓடினேன். கெடவில்லை. அன்பரசி திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, ஏறக்குறைய கறுப்பாக்கி வைத்திருந்தாள். போதாததற்கு ஜன்னல் திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்தாள்.

"என்னம்மா இது, சினிமா கொட்டாயா?"

அவள் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "என்னையறியாம பண்ணிட்டேன் சார். பொட்டு விழுந்திருக்குதுங்க."

"என்னாது?"

"முட்டையில பொட்டுங்க. பட்டுப்புழு முட்டையில இப்பிடிக் கறுப்பா பொட்டு விழுந்தா, ரெண்டு நாள்ல பொரிச்சிரும்னு அர்த்தம். உடனே கறுப்புக் காயிதத்துல சுத்தி இருட்டுல வெச்சிருவோமுங்க. வெளிச்சம் பட்டா முன்னயும் பின்னயுமா பொரிக்கும். அந்தப் பழக்கம் சார். கை தானா போயிருச்சு."

கொல்லத்துக் கடலில் பத்து நாள் முன்பு செத்துப்போன இறாலின் முட்டை, காரிமங்கலத்தில் வெளிச்சம் பட்டுப் பொரித்துவிடுமாம். ஆறு வருடம் புழு வளர்த்த கையைத் தவிர வேறு எந்தக் கை இப்படி ஒரு தப்பைச் செய்யும்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டி, அவள் சுட்டிய இறாலைப் பெரிதாக்கினேன். வயிற்றுக்கடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எங்கள் கையேட்டில் படத்தோடு போட்டிருந்தது: செம்மஞ்சள் நிறமாக இருந்தால் முட்டை, சாம்பல் நிறமாக இருந்தால் சேறு, எண்ண வேண்டாம். ஐந்து மாதமாக நாங்கள் அப்படித்தான் தள்ளிவிட்டிருந்தோம். இன்னும் பெரிதாக்கினேன். அந்தச் சேறு முழுவதும் மணி மணியாக இருந்தது. ஒவ்வொரு மணியிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கொல்லத்தில் சங்கத்துக்காக இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிற சவுரியப்பனுக்குப் படத்தை அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கதிரவன், அந்தப் பொண்ணு சொல்றது சரி. சேறு இல்ல. பொரிக்கப் போற முட்டை. அந்தப் புள்ளி ரெண்டும் குஞ்சோட கண்ணு. கையேட்டுல தப்பா எழுதினது நான்தான். இத்தனை மாசமா பொரிக்கப் போறத எல்லாம் சேறுன்னு தள்ளியிருக்கோம்."

அன்பரசி பழைய காட்சிகளையும் திருப்பிப் பார்த்து எண்ணினாள். அந்த இடத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது என்று நாங்கள் எழுதியிருந்தது முப்பத்தொன்றாக ஆனது. இடத்தை மூடியே ஆக வேண்டும். ஆனால் உரிமையாளர்கள் சும்மா விடமாட்டார்கள், எண்ணினவருக்கும் படகுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கையெழுத்து வேண்டும் என்றார் சவுரியப்பன். ஒரு பக்கத் தாள். அன்பரசியின் மேஜையில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாயங்காலம் தாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் அன்றைக்கு ஒரே காட்சியைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் வருமுன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"சார், அந்தப் பலகையில இறால் அடுக்கறவரு எங்க வூட்டுக்காரருங்க."

நான் கத்திவிட்டேன். கீழே கடைக்காரர் ஏணிப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதமாக என்றேன். ஐந்து மாதம் என்றாள். விதி தெரியாதா என்றேன். தெரியும் என்றாள். என் கோபமெல்லாம் வடிந்த பிறகு, "ஏம்மா, கமுக்கமா கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று நானே கேட்டேன். மேற்பார்வையாளன் கேட்கிற கேள்வியா அது!

"என்னிக்காவது தெரிஞ்சிருமுங்க. எடத்த மூடுனா படகு நின்னுரும், புருசன் ஊருக்கு வந்துருவான்னு பொண்டாட்டி பொய்யா எண்ணிட்டான்னு சொல்லுவாங்க. அப்பறம் அந்த எடத்த யாரு மூடுவாங்க?" கையெழுத்துப் போடாத தாளை என் பக்கம் தள்ளினாள். "எனக்கே பயமா இருக்குது சார். நெசமாலுமே பொட்டு தெரியுதா, அவரு வரோணும்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தெரியுதான்னு. வேற யாரையாவது எண்ணச் சொல்லுங்க. படகையும் மாத்திருங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா படகு போயிருமே சார். கடலுக்குப் போயிட்டா பத்து நாளைக்கு போன் கெடைக்காது. கெடைச்சாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. கையப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஒரு வெடிப்பில்ல, புண்ணில்ல. அதப் பாத்துட்டுப் போனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

அவள் அழவில்லை. அவள் பதினெட்டுக் காட்சிகள் மட்டும் பார்த்ததற்கு நான் எத்தனை முறை முகம் சுளித்திருப்பேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன். ஆனால் விதி விதிதான். அன்றைக்கே அந்தப் படகைப் பூவிழிக்கு மாற்றினேன். எதையும் சொல்லாமல், ஐந்து மாதக் காட்சிகளையும் புதுக் கையேட்டின்படி முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். பூவிழிக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த நாட்களில் அன்பரசி தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூவிழியின் மேஜை அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. ஒரு தடவை கழுத்தைத் திருப்பினால் போதும். அவள் திருப்பவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் சுவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

பூவிழியின் எண்ணிக்கை முப்பது வந்தது. அன்பரசியின் கண் அவளை ஏமாற்றவில்லை. சவுரியப்பன் தன் தவறையும் சேர்த்து எழுதி, சங்கத்தில் வைத்தார். இரண்டு கூட்டம் சண்டை போட்டுவிட்டு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. அதற்குள் மூன்று மாதம் வலை இறங்காது. அன்று மதியம் மாடி நிரம்பியபோது, அந்தக் கோட்டுக்குள்ளே இருட்டில் முட்டைகள் ஒவ்வொன்றாகப் பொரிப்பதாக நினைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஊரில் ஒருவரிடம் சொல்லி விளங்கவைக்க முடியாத சந்தோஷம்.

படகு வேறு இடத்துக்குப் போய் மேலும் இரண்டு முறை மீன்பிடித்துவிட்டு, பங்குனியில் பழுது பார்க்கக் கரை ஏறியது. மாதேஷ் ஊருக்கு வந்தான். இரண்டாம் நாள், மனைவியை வேலைக்கு விட வந்தவன் மாடிக்கே ஏறி வந்துவிட்டான். கறுத்து ஒடிசலான உருவம். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். பூவிழி அவனுடைய கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "அய்யோ, நீங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்காதே பார்க்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

அவன் கைகளை மடியில் வைத்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் உப்பில் வெந்து வெள்ளையாகியிருந்தது. உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. நான் பூவிழியின் திரையில் அந்தக் கைகளை ஓரிரு முறை பார்த்திருக்கிறேன், பழைய காட்சிகளில். இப்படி இருந்ததே இல்லை.

"என்னங்க இது, புதுசா ஏதாவது வேலை குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"இல்லீங்க சார், அதே வேலைதான். எப்பவும் இப்பிடித்தானுங்க இருக்கும்." அவன் அன்பரசியைப் பார்க்காமல் சிரித்தான். "இவ பாக்கறேன்னு போன்ல சொன்னதுல இருந்து, பலகைக்கு முன்னால உக்காரறதுக்கு மிந்தி குடிக்கற தண்ணியில கொஞ்சம் எடுத்துக் கையக் கழுவி, தேங்காயெண்ண தடவிக்குவேன். வெளிச்சத்துல வெடிப்பு தெரியாது. இப்ப வேற ஆளு பாக்கறாங்கல்ல. அவுங்களுக்கு இறாலக் காட்டுனாப் போதுமே சார்."

அன்பரசி எழுந்து வந்தாள். என் மேஜையில் இருந்த விளக்கை எடுத்து அவன் பக்கம் திருப்பினாள். தரையில் உட்கார்ந்து, அவன் வலது கையை இழுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணியைப் பிரித்தாள். அவன் கையை உருவப் பார்த்தான், விடவில்லை.

"இன்னொன்னயும் காட்டுங்க" என்றாள்.

எல்லாரும் கீழே போய் டீ குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, நானும் அவர்கள் பின்னால் படி இறங்கினேன்.