படிவத்தின் பின்பக்கம்

பல்கலைக்கழக ஆய்வுக்காகக் கடை வாசலில் நின்று, "இதயத்துக்கு நல்ல பிஸ்கட்டுன்னா எவ்வளவு கூடக் கொடுப்பீங்க?" என்று கேட்பதுதான் பதினோரு வருடமாக என் சித்தப்பாவின் வேலை. எல்லோரும் பெரிய வள்ளல்போல் ஒரு தொகை சொல்லிவிட்டு, உள்ளே போய் மலிவான பாக்கெட்டை எடுப்பார்கள். இந்த அப்பாவி அதையும் படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைத்தார். வள்ளல்களை நம்பிப் புத்தகமே எழுதிவிட்ட பேராசிரியருக்குக் கோபம்.

"பின்பக்கத்தை அழிச்சுட்டு வாங்க. இல்லைன்னா வேலைக்கே வராதீங்க."

வீட்டில் சித்தி ரப்பரை நீட்டினாள். "அழிச்சுத் தொலைங்களேன்."

"அழிச்சா அவங்க புளுகுக்கு நானும் சாட்சி ஆயிடுவேனேடி."

பிழைக்கத் தெரியாத மனுஷன், அந்த வருடத்து நானூறு படிவத்திலும் பென்சில் எழுத்தின்மேல் பேனாவால் எழுதத் தொடங்கினார். பாதியில் மை தீர்ந்தது. திட்டிக்கொண்டே என் பேனாவைக் கொடுத்தேன்.