முதல் வெளிச்சத்துக்கு எழுந்துவிடாதீர்கள்

இது மாமல்லபுரம் பயணக் கட்டுரைதான். ஆனால் பாதிக்கு மேல் கேமராவைப் பற்றிய புலம்பலாக இருக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். குறைந்த விலையில் கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டு எங்கேயாவது கிளம்பலாம் என்று இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். நான் பட்டது போதும்.

2006 பிப்ரவரியில் என் தங்கை பிரிசில்லாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். அதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பா, அம்மா, பிரிசி, நான் நாலு பேரும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனோம். முப்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊர், ஸ்கூல் டூரில் ஆரம்பித்து எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. இந்த முறை போனது ஒரே ஒரு போட்டோவுக்காக.

எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்திருக்கிற படம் கிடையாது. ஸ்டுடியோவில் எடுத்த ஒன்று உண்டு, அப்போது பிரிசி பிறக்கவே இல்லை. அப்புறம் இரவல் கேமராவில் எடுத்த எல்லாவற்றிலும் மூன்று பேர்தான். நாலாவது ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்பார். "நாலு பேரும் கீற மாதிரி ஒரே ஒரு போட்டோக்கா. அங்க ரூம்ல ஒட்டி வெச்சிக்கிறேன்" என்றாள் பிரிசி. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்டதே ரொம்பக் குறைச்சல். இதையாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஃபிலிம் கேமரா என்றால் ரோல் முடிய வேண்டும், கழுவப் போட வேண்டும், அதற்குள் அவள் விமானம் ஏறிவிடுவாள். டிஜிட்டல் என்றால் எடுத்த உடனே பார்க்கலாம், சரியில்லை என்றால் திரும்ப எடுக்கலாம். அதனால் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயோடு செங்கல்பட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடை பெயரை எழுதவில்லை. எழுதினால் அதையும் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார் கடைக்காரர்.

"பத்து மெகாபிக்சல் மேடம். பன்னெண்டு எக்ஸ் ஜூம். டைமர் கீது, ஃப்ளாஷ் கீது, வேற இன்னா வோணும்?"

"பேட்டரி?"

"பென்சில் பேட்டரிதான். எந்தப் பொட்டிக்கடையிலயும் கெடைக்கும்."

கடை வாசலுக்கு வந்து, நல்ல வெயிலில் எதிர் பில்டிங்கைப் படம் எடுத்துக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. அந்த வெயிலில் தகர டப்பாவில் ஓட்டை போட்டு எடுத்தாலும் பளிச்சென்றுதான் விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், எறும்பு எழுத்தில் வேறு கணக்கு. உள்ளே இருக்கிற சென்சார் ஐந்து மெகாபிக்சல், மீதி ஐந்தை மென்பொருள் இழுத்து நிரப்புமாம். ஜூமில் நிஜமானது மூன்று மடங்கு, அதை டிஜிட்டல் நாலால் பெருக்கித்தான் பன்னிரண்டு. பாலில் தண்ணீர் ஊற்றினால் சண்டை போடுகிறோம். படத்தில் தண்ணீர் ஊற்றினால் அதைப் பெட்டியிலேயே பெருமையாக அச்சடித்து விற்கிறார்கள்!

காலை ஏழரைக்குப் பேருந்து. டிக்கெட் ஆளுக்குப் பதினோரு ரூபாய். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். திருக்கழுக்குன்றத்தில் குளத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தினேன். கேமரா யோசித்தது. யோசித்து முடித்து அது எடுத்தது ஒரு மின்கம்பத்தை. கோபுரத்தைப் பார்த்து அழுத்தினேன், டீக்கடை பெஞ்சு விழுந்தது. நான் பார்ப்பதை எடுக்காமல், நான் பார்த்து முடித்த பிறகு என்ன இருக்கிறதோ அதை எடுக்கிற கேமரா அது. இதற்கெல்லாம் திட்டிக்கொண்டே வந்ததில், பக்கத்து சீட்காரர் இறங்கும்போது எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போனோம். டைமர் இருக்கிறதே, யாரையும் கெஞ்ச வேண்டாம் என்று ஒரு சின்னக் கல்லின் மேல் கேமராவை வைத்து, பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து நின்றேன். அம்மா சிரிக்கவில்லை. பார்வை முழுக்க கேமரா மேலேயே இருந்தது.

"எவனாவது தூக்கிகினு பூடப் போறான்டி."

"பத்து செகண்டும்மா! சும்மா நில்லு!"

அந்த நேரம் பார்த்து, லுங்கி கட்டிய ஒருவர் உருண்டு வந்த பந்தை எடுக்க அந்தக் கல் பக்கம் வந்தார். அம்மா எங்களை விட்டுவிட்டு ஓடினார். படத்தில் அம்மாவின் உள்ளங்கை மட்டும் ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தது. மூன்று தடவை முயன்றோம், மூன்றிலும் அம்மா காவல்காரியாகத்தான் இருந்தார். "ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா சாமான கல்லு மேல வெச்சிட்டு, பல்ல இளிக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

நாலாவது தடவை கேமரா அணைந்துவிட்டது. லென்ஸ் உள்ளே போகக்கூட சக்தியில்லாமல், நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. கடையில் போட்டுக்கொடுத்த பேட்டரி இருபது படம் கூடத் தாங்கவில்லை. பெட்டிக்கடையில் புது ஜோடி வாங்கிப் போட்டேன். ஆன் செய்ததுமே திரையில் சிவப்பு அடையாளம் சிமிட்டியது. ரேடியோவுக்கும் கடிகாரத்துக்கும் போடுகிற பேட்டரி இந்தக் கேமராவின் பசிக்குக் காணாதாம். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்றாரே, கிடைத்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

வெயில் ஏறியதும் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்து நிழலில் போய் உட்கார்ந்தோம். காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே ஒரு போட்டோகிராபர் சுற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில் கேமரா, கையில் மாதிரிப் படங்கள் செருகிய ஆல்பம். உடனே பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று அவர் கேட்கக் கேட்க, என்னிடமே கேமரா இருக்கிறது என்று நான் வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவரிடமே போய் என் கேமராவை நீட்டினேன்.

"உன் கேமராலயே எட்த்துக் குட்த்தா எனக்கு இன்னாம்மா மிச்சம்?" என்றார். பத்து ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நாலு பேரும் படியில் உட்கார்ந்தோம். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டு, கல்யாண போட்டோவில் இருக்கிற மாதிரி விறைத்துக்கொண்டார். பிரிசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'பளிச்' என்றது.

"ஆச்சா?" என்று அப்பா எழுந்தார்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது ஸ்டுடியோ பழக்கம். ஃப்ளாஷ் அடித்தால் போட்டோ முடிந்தது, மூச்சு விடலாம், எழுந்திருக்கலாம். அம்மா "அப்பாடா" என்று தோளைத் தளர்த்தி, அப்பாவின் வேட்டி பின்னால் படியில் மாட்டியிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிரிசி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. போட்டோகிராபர் இன்னும் கையை இறக்கவில்லை. "இன்னும் எடுக்கலையா?" என்று விரலை நீட்டிக் கத்தினேன். அப்போதுதான் இரண்டாவது 'பளிச்'. அதுதான் நிஜமான ஃப்ளாஷ். முதலில் அடித்தது, கண் சிவப்பாக விழாமல் இருக்க அது செய்துகொள்கிற 'ரெட் ஐ' முன்னேற்பாடாம். பட்டனில் கண் மாதிரி ஒரு படம் போட்டிருந்ததன் அர்த்தம் அது என்று பின்னால் தெரிந்தது.

திரையில் படம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து, திரும்பவும் நாக்கை நீட்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு நாள் பூரா பாழாப் போச்சு. வா, இவர் கேமராலயே ஒண்ணு எடுத்துடலாம்" என்றேன். போட்டோகிராபர் சந்தோஷமாக ஆல்பத்தைத் திறந்தார்.

பிரிசி நகரவில்லை. "வோணாங்கா. இது போதும்."

"இன்னாடி போதும்? அப்பா பாதிதான் கீறாரு, அம்மா எங்கியோ பாக்குது, நா பேய் மாதிரி கத்திகினு கீறேன்!"

"நாலு பேரும் கீறோம்ல" என்றாள்.

திங்கட்கிழமை அதைத்தான் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளே நான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ரெட் ஐ ஆஃப் பண்ணிக்கினு எடுக்கணும் மேடம். நீங்க கேக்கவே இல்லியே" என்றார் கடைக்காரர். இருக்கிறதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், நாலைந்து நிஜமாக இருந்தாலே போஸ்ட்கார்டு அளவுக்குத் தாராளம். ஜூமில் 'ஆப்டிகல்' என்று போட்டிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள். பென்சில் பேட்டரி கேமரா என்றால் சார்ஜ் செய்கிற பேட்டரி இரண்டு ஜோடியும் மெமரி கார்டும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசல் வெயிலில் எடுத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கடையின் இருட்டு மூலைக்குப் போய் எடுக்கச் சொல்லுங்கள். மாமல்லபுரத்துக்குக் காலையிலேயே போங்கள், குடும்பத்தில் யாரும் இரண்டாவது வெளிச்சம் வரும் வரை எழுந்திருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் பிரிசி லீவில் வந்தாள். அங்கிருந்து நல்ல கேமரா ஒன்று வாங்கி வந்திருந்தாள். ரெட் ஐயை ஆஃப் செய்து, ஸ்டாண்டில் நிறுத்தி, வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு, நாலு பேரும் உட்கார்ந்து எடுத்தோம். எட்டுக் கண்ணும் திறந்திருந்தது. அப்பா முழுசாக இருந்தார், நான்கூடப் பார்க்கும்படி இருந்தேன். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி அவளிடம் கொடுத்தேன்.

அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து பார்த்தால், பிரேம் மேசை மேலேயே இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்ததும் போனில் பிடித்துக் கத்தினேன், அத்தனை பாடுபட்டு எடுத்ததை விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று.

"ரூம்ல ஏற்கனவே ஒண்ணு கீதுக்கா" என்றாள். "அதுல நீ இதே மாதிரிதான் கத்திகினு கீற."