சங்கு ஊதாத பதினோரு நாட்கள்

ஆரோக்கியமேரி வீடுகளுக்குப் போகாமலேயே அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள், அதனால்தான் அவளை மனநல ஆய்வு வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று அவளுடைய துக்க வீட்டிலேயே இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அது உண்மையில்லை. சனிக்கிழமை அவள் தங்கை என் வாசலில் நின்று, "டீச்சர், அக்கா போயிட்டாங்க" என்று சொன்னதிலிருந்து எனக்கு அழுகையைவிடக் கோபமே அதிகமாக வருகிறது.

எழுபதுகளின் கடைசியில், மக்களின் மனம் அன்றாடம் எப்படி இருக்கிறது என்று அறிய நகரத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு அரியலூர்ப் பக்கம் வந்தது. எங்கள் ஊர்களில் அட்டைகளைக் கொடுத்து வாங்கும் வேலை மேரிக்கு. தூக்கம், பயம், அழுகை, அலுப்பு என்று வரிசைகள். நாளுக்கு மூன்று கட்டங்கள். "பைத்தியக் கணக்கு எடுக்க வந்துட்டாங்கடி" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "எனக்கு வேணாங்க்கா, எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு அட்டையா குடுங்க" என்றாள் ஒருத்தி. மேரியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அட்டையைக் கொடுக்காமல் திரும்பவில்லை.

பாதி வீடுகளில் கடிகாரம் கிடையாது. ஆகவே நாளுக்கு மூன்று முறை சிமென்ட் ஆலையின் சங்கு ஊதும்போது மட்டும், அந்த நேரத்து மனநிலையைக் குறிக்கச் சொன்னாள். "நான் வர்ற அன்னிக்கு எல்லாரும் சிரிக்கிறீங்க. நான் இல்லாத நேரந்தான் எனக்கு வேணும்" என்பாள்.

என் கணவர் இறந்த வருடம் எனக்கும் ஓர் அட்டை தந்தாள். வாரம் முழுவதற்கும் உரியதை ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்து, கோடு பிசகாமல் நிரப்பிக் கொடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் 'நலம்' என்றே எழுதியிருந்தேன். "கையெழுத்து அழகா இருக்கு டீச்சர். ஆனா ஏழு நாளும் ஒரே மாதிரி யாருக்கும் போகாதுங்க" என்று சொல்லி, புது அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில்கூட என் நோட்டை மறுபடி எழுதச் சொல்லி யாரும் திருப்பித் தந்ததில்லை. அடுத்த நாள் சங்கு ஊதியபோது 'அழுகை' வரிசையில் முதன்முறையாகக் குறியிட்டேன்.

பிறகு பழுது பார்ப்பதற்காக ஆலையை மூடினார்கள். பதினோரு நாள் சங்கு இல்லை. மேரி வழக்கம்போல வீடு வீடாக வந்தாள். அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்ட பெண்கள் யாரும் குறி போட்டிருக்கவில்லை. நானும்தான். "சங்கு ஊதலையேக்கா, எப்படிப் போடறது?" என்று அவளையே கேட்டார்கள். மேற்பார்வையாளர் அட்டைகளைப் புரட்டிவிட்டு, "முன்ன பின்ன பாத்து நிரப்பிடும்மா" என்றார். "அவங்க மனசுல இருந்தத நான் எப்படி சார் எழுத?" என்றாள் மேரி. அடுத்த மாதமே, காலியாக இருந்த கட்டங்களைக் காட்டி, அவள் வீடுகளுக்கே செல்லவில்லை என்று குற்றம்சாட்டி அவளை நிறுத்திக் கடிதம் வந்தது.

அவளுக்காக விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியவள் நான். பின்னர் மூன்று நினைவூட்டல்கள். ஒரு பிழை கிடையாது. ஒரு பதிலும் கிடையாது. "ஏதாச்சும் வந்துச்சா டீச்சர்?" என்று போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டாள்.

சங்கு இன்றும் ஊதுகிறது. கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, இப்போது எப்படி இருக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். 'நலம்' என்று ஒப்புக்குச் சொல்வதில்லை. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்.

அந்த ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் இதைப் படித்தால், அந்தப் பதினோரு நாளும் ஆலை மூடியிருந்தது, மேரி ஒரு வீட்டையும் தவறவிடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு இவ்விதழின் முகவரிக்கு அனுப்புங்கள். நேரில் வந்து வருத்தம் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.